மணியுடன் திருப்பூர் யாத்திரை

நாயை அழைத்துக்கொண்டு நெடும் பிரயாணம் போனவர் யார் என்று கேட்டால், நம் வீட்டுக் குழந்தைகள் கூடத் தர்மபுத்திரர் என்று சொல்லிவிடும். திரௌபதியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக வழியில் விழுந்த பிறகு, அவரைத் தொடர்ந்து வந்தது ஒரு நாய்தான். அதை விட்டுவிட்டு ரதத்தில் ஏறும்படி இந்திரன் சொன்னபோது, அப்படிப்பட்ட சொர்க்கமே தமக்கு வேண்டாம் என்று அவர் நின்றுவிட்டார்.

தர்மபுத்திரருக்கு ஆட்சேபம் சொன்னவன் இந்திரன் ஒருவன்தான். நம்முடைய மணியை அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய் வருவதற்குள் நமக்கு ஆட்சேபம் சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவர் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு நியாயம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சென்னையிலிருந்து நாயை ரயிலில் கொண்டுபோக இரண்டே வழிகள் உண்டு. முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நமக்கென்றே பெற்றால், நாயும் நம்மோடு வரலாம். அவ்வளவு பணம் செலவழிக்க இயலாதவர்களுக்குக் கார்டு வண்டியிலுள்ள நாய்க் கூண்டு இருக்கிறது. மிருக வைத்தியரின் அத்தாட்சியையும் தடுப்பூசிச் சீட்டையும் காட்டிக் கட்டணம் செலுத்தி, மணியைக் கூண்டில் ஏற்றினோம். சேலத்திலும் ஈரோட்டிலும் தண்ணீர்க் கிண்ணத்துடன் பிளாட்பாரத்தில் நாம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், யாருக்கோ ஆபத்து என்றுதான் நினைத்திருப்பார்கள். கூண்டுக்குள் இருந்தவனோ சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

திருப்பூரில் இறங்கியதும் ஜாகை தேடும் படலம் ஆரம்பமாயிற்று. ஒரு தங்கும் விடுதியின் மானேஜர் மணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன ஜாதி நாய், ஸார்?"

"நாட்டு ஜாதி."

"வெளிநாட்டு நாயாக இருந்தால் முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம். இது தெரு நாய் மாதிரி இருக்கிறதே!"

நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஸ்டேஷனுக்கு அருகிலேயேதான் குமரன் நினைவகம் இருக்கிறது. 1932 ஜனவரியில் தடியடி பட்டு விழுந்தபோதும் தேசக் கொடியைக் கையிலிருந்து விடாமல், மறுநாள் உயிர் துறந்த இளைஞனின் ஊர் இது. கதருக்கும் சுதேசிக்கும் பேர் போன அந்த ஊரிலே, நாய் விஷயத்தில் மட்டும் சீமைச் சரக்குக்கு மவுசு குறையவில்லை! நினைவகத்தின் வாசலில் நின்று, மணியின் கயிற்றைப் பிடித்தபடியே வணங்கிவிட்டு மேலே நடந்தோம். கடைசியில், பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் நம் சிநேகிதர் தம் வீட்டு மாடியறையைக் கொடுத்தார். மணிக்குப் படுக்கையாக ஒரு மூட்டை பனியன் வேஸ்டைக் கொட்டினார். பஞ்சணை என்றால் இதுவல்லவா பஞ்சணை!

விடுதிகள் மூடிய கதவைத் தெருக்கள் திறந்து வைத்திருந்தன. காலை வேளையில் தேநீர்க் கடைகளின் முன்னே வேலைக்குப் போகும் கூட்டம் நிற்கும். தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும், பீஹார், ஒரிஸா முதலிய தூர மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு வாலிபர் குந்தி உட்கார்ந்து, தம் ரொட்டியில் பாதியை மணிக்குக் கொடுத்து ஹிந்தியில் ஏதோ சொன்னார். நமக்குப் புரியவில்லை, மணிக்குப் புரிந்தது. ஊரை விட்டு வந்தவருக்கு அங்கே விட்டு வந்த நாயின் ஞாபகம் வந்திருக்கலாம்.

வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கிக் காவிரியை நாடிப் போகும் நொய்யல், திருப்பூரின் நடுவே ஓடுகிறது. மணி தண்ணீரைக் கண்டதும் இழுத்தான், நாம் விடவில்லை. சாயக் கழிவால் இந்நதி பட்ட பாடு உலகம் அறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லிற்று. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தி செய்தே தொழில் நடத்த வேண்டும் என்பது கட்டுப்பாடு. ஆயினும், பார்த்தவுடன் நாயைக் குடிக்க விடும் தைரியம் நமக்கு வரவில்லை.

ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்ற நீர்நிலை அது. அங்கே நாயை அழைத்துப் போவது தகாது. கரையில் முட்டையிடும் பறவைக்கு மணியும் நரியும் ஒன்றுதான். ஆகவே தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாம் நாள் சிநேகிதர் நம்மைக் காங்கேயம் பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கிளுவை முள்வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்லும், நிழலுக்கு வெள்வேல மரங்களும். செம்மறி ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால், மேய்ப்பவர் இல்லாமலே அவை மேயும். மழை குறைந்த அந்தச் சீமையில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றி வந்த ஏற்பாடு அது. படலருகே நின்ற முதியவர் ஒருவர் மணியைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"ஏனுங்க, அந்தக் கவுத்தெ உட்றாதீங்க."

"சாதுவான நாய், ஐயா."

"நல்ல நாயாட்டந்தான் தெரியுது. ஆனா ஆட்டுக்கு அது தெரியாதுங்களே!"

பிறகு அவர் சொன்ன விஷயம் நம் மனத்தை உலுக்கிவிட்டது. முந்தின மாதம் ஒரே இரவில் அவருடைய ஒன்பது ஆடுகளை நாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன. "டவுன்ல ஆசைக்கு வளத்துப்போட்டு, வேண்டாம்னதும் வண்டியில கொண்டாந்து ரோட்டோரம் எறக்கி உட்டுட்டுப் போயிர்றாங்க. பசிச்சா அதுங்க என்னங்க பண்ணும்?" என்றார். அவர் நாயைத் திட்டவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்து விவசாயிகள் 2024, 2025-ஆம் ஆண்டுகளில், செத்த ஆடுகளையே வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்டுப் போராடினார்கள். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று 2023-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் கூறுகின்றன. அது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை. ஆனால் வீட்டில் வளர்த்த நாயைத் தெருவில் விடாதிருப்பது யாருடைய கடமை?

மற்றொன்றும் உண்டு. இதே கொங்குச் சீமைக்கு மேலே, குன்னூரில், 1907-லேயே பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது வெறிநாய்க் கடிக்கு வைத்தியம் செய்யத்தான். நோய் கண்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்தவுடன் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமில்லை. நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவிட்டாலோ இரு தரப்புக்கும் க்ஷேமம்.

மத்தியதரைக் கடலோரத்துப் பார்ஸிலோனா நகரில் 2014 முதல் நாய்களும் பாதாள ரயிலில் ஏறலாம். ஆனால் கழுத்தில் கயிறும் வாயில் மூடியும் வேண்டும். கூட்டமான வேளையில் ஏற்றக் கூடாது. கட்டுப்பாட்டை ஏற்றதால்தான் அங்கே கதவு திறந்தது. நம் ஊர் விடுதிகளும் வண்டிகளும் திறக்க வேண்டுமானால், கொறங்காட்டு முதியவரின் பயத்தை நாம் முதலில் தீர்க்க வேண்டும்.

திரும்பும் இரவில், கார்டு மணியைக் கூண்டில் ஏற்றிவிட்டுச் சீட்டைப் பார்த்தார். "நாய் ஒன்றுதானே?" என்று கேட்டார்.

"ஒன்றுதான். வந்தபோதும் ஒன்று; போகும்போதும் ஒன்று" என்றோம்.

அவருக்கு நாம் சொன்னதன் கருத்து விளங்கியிராது. கொடியை அசைத்தார், வண்டி புறப்பட்டது.