என் தம்பியின் இருமல்

ஆறாம் வகுப்பு நண்பர்களே, இதை உங்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் எப்பவும் இருமிக்கொண்டே இருப்பானே, அவன் என் தம்பி. அவனுக்கு டி.பி. இல்லை. எங்களுக்கே முதலில் ஓரிடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 6 மாசம் டி.பி. மாத்திரை சாப்பிட்டான். இருமல் நிற்கவில்லை.

அவன் கைப்பிள்ளையாக இருந்தபோது ஆச்சி முத்தம் கொடுத்துவிட்டு, "பிள்ளைக்கு நெத்தி உப்பால்லா கரிக்கு" என்று சிரிப்பாள். பெரிய ஆஸ்பத்திரியில் வியர்வையைச் சோதித்தபோதுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது. நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான ஜீன் இரண்டும் சேர்ந்தால்தான் வருமாம். 1989-இல்தான் அந்த ஜீனையே கண்டுபிடித்தார்கள். எங்கள் வீட்டில் எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது.

இந்த நோயில் நுரையீரல் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். நமக்கு உள்ளே போகிற கிருமி சளியோடு வெளியேறிவிடும். அவனுக்கு அங்கேயே தங்கும். அதில் பொல்லாதது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈர மண்ணிலும் தண்ணீரிலும் கைகழுவும் தொட்டியிலும் இருக்கும். நல்ல உடம்புக்காரர்களைச் சாதாரணமாக ஒன்றும் செய்யாது. அவன் நெஞ்சில் புகுந்தால் கோந்து மாதிரி ஓர் உறை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் மருந்து லேசில் உள்ளே போகாது.

அதனால் அவன் மருந்து இழுக்கிற நெபுலைசர் கப்பைக் கழுவி, கொதிக்க வைத்து, நன்றாகக் காய வைக்க வேண்டும். அது என் வேலை. அரைப் பரீட்சை சமயத்தில் மூணு நாள் சும்மா அலசி, ஈரத்தோடு மூடி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சளிப் பரிசோதனையில் சூடோமோனாஸ். "எங்கேயிருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

14 நாள் ஊசி. அங்கே இதே நோயுள்ள இன்னொரு பையனும் இருந்தான். ஒருத்தர் கிருமி மற்றவருக்குத் தாவும் என்பதால் இரண்டு பேரும் பக்கத்தில் போகவே கூடாது. வராந்தாவின் இந்தக் கோடியில் இவன், அந்தக் கோடியில் அவன். அம்பயர் மாதிரி கையைக் காட்டிக்காட்டி ஒரு மேட்ச்சே ஆடி முடித்தார்கள்!

அவன் பக்கத்தில் நீங்கள் உட்காரலாம். இந்த நோய் உங்களுக்கு ஒட்டாது. உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருக்கிற அன்றைக்கு மட்டும் தள்ளி உட்காருங்கள், அவனுக்காக.

கப் விஷயத்தை நேற்று ராத்திரிதான் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போக்கா, அதாலதான கணக்குப் பரீட்சைக்குத் தப்பிச்சேன்" என்றான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வருகிறான். மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்.

— அவன் அக்கா, 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு