ஜீப்புக்கு அடிச்ச ரெண்டு பைப்

மலையில ஜீப் வச்சிருக்கிறவனுக்கு வண்டியோட முகத்தைவிட வயிறுதான் நல்லாத் தெரியும். டவுன்லேர்ந்து வர்ற நண்பர்கள் பெயிண்டைப் பாக்குறாங்க, சீட்டைப் பாக்குறாங்க. நாங்க கோணிச் சாக்கை விரிச்சு அடியில படுத்து, பட்டை ஒடிஞ்சிருக்கா, ஹவுசிங்ல ஆயில் கசியுதா, பிரேக் லைன்ல கல் அடிச்சிருக்கான்னு பாக்குறோம். அப்படிப் படுத்து எழுந்து நாங்க கத்துக்கிட்ட ஒரு விஷயத்தை இன்னிக்குச் சொல்றேன்.

எங்க ஜீப் 1996 மாடல் எம்.எம்.540. நாலு குடும்பம் பங்கு போட்டு வாங்கினது. போடிக்கு மேற்கே தார் ரோடு முடியிற இடத்துலேர்ந்து எங்க தோட்டங்களுக்கு 7 கிலோமீட்டர். அதை ஏற ஒரு மணி நேரம் ஆகும். காப்பி, மிளகு, எலுமிச்சை, இலவங்காய் எல்லாம் இதுலதான் கீழ போகுது. அரிசி, சிலிண்டர், உரம் எல்லாம் இதுலதான் மேல வருது. ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னாலும் இதுதான் ஆம்புலன்ஸ். இது வர்றதுக்கு முன்னாடி டோலி கட்டித் தூக்கிட்டுப் போனோம்.

இந்த மாடலுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 91 இன்ச். டயர் அடைக்கிற இடம் போக, நடுவுல சுமார் அஞ்சடி காலியா நிக்கும். முன் டயர் பாறையில ஏறி இறங்கிரும். பின் டயர் வர்றதுக்குள்ள அந்தப் பாறை நடு வயித்துக்கு வந்துரும். அப்ப முதல்ல அடி வாங்குறது கதவுக்குக் கீழ இருக்கிற தகடு. அது வெறும் தகடுதான், எலும்பு கிடையாது. எலும்புங்கிறது ஏணி மாதிரி நீளவாக்குல ஓடுற சேஸ். இன்ஜின், பட்டை, சக்கரம் எல்லாம் அதுலதான் தொங்குது. பாடி அதுக்கு மேல போல்ட் போட்டு உக்காந்திருக்கிற தொட்டி, அவ்வளவுதான்.

போன ஐப்பசி மழையில பாதையோட மண்ணெல்லாம் அரிச்சுப் போயி, ரெண்டாவது வளைவுல ஒரு பாறை தலையைக் காட்டிருச்சு. முதல் நாள் வரைக்கும் அங்க அது தெரியவே இல்லை. மறுநாள் சாயங்காலம் எங்க பங்காளி வீட்டு மருமகளுக்கு வலி எடுத்துருச்சு. நிறைமாசம். முன் சீட்டுல உக்கார வச்சு இறக்குனோம். நான் பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த வளைவுல சேறு வழுக்கி, இடது பக்கம் தூக்குனாப்புல போயி பாறை மேல உக்காந்துருச்சு. கதவுக்கு அடியில இருந்த தகடு ஒரு சாண் அகலத்துக்கு மேல நெளிஞ்சு, கதவைக் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. இழுத்துப் பாத்தோம், உதைச்சுப் பாத்தோம். திறக்கலை. டிரைவர் பக்கம் சரிவு. வலியோட இருக்கிற பொண்ணு, கியர் ராடுகளைத் தாண்டி, டிரைவர் சீட்டு வழியா, நாலு பேர் கையைப் பிடிச்சு இறங்குச்சு. ஜாக்கி, கடப்பாரை, கல்லுன்னு வச்சு வண்டியைத் தூக்கி விடுறதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த ஒண்ணே முக்கால் மணி நேரத்தை எங்க நாலு குடும்பத்துல யாரும் மறக்கலை.

அடுத்த வாரம் பங்குக்காரங்க உக்காந்து பேசுனோம். ஒருத்தர் டயர் மாத்தணும்னார். ஒருத்தர் பளபளன்னு ஸ்டீல் படி விக்குது, அதை மாட்டினாப் போதும்னார். கோயம்புத்தூர்ல இருக்கிற என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தான். அவனுக்கு இந்த ஜீப் ஓட்டுற கிறுக்கு உண்டு.

"மாமா, படி வேற, நீங்க கேக்குறது வேற. இதுக்குப் பேரு ராக் ஸ்லைடர். படி ஆள் கால் வைக்கிறதுக்கு. இது வண்டியே கால் வைக்கிறதுக்கு"ன்னான்.

அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் ரூபிகான்னு ஒரு பாதை இருக்காம். 22 மைல், முழுக்கப் பாறை. 1953-லேர்ந்து வருஷா வருஷம் ஜீப்காரங்க கூடி ஓட்டுறாங்களாம். அந்தப் பேரையே ஒரு ஜீப் மாடலுக்கும் வச்சிருக்காங்க. அந்த மாதிரி இடங்கள்ல வண்டியோட ரெண்டு பக்கமும் கெட்டிப் பைப்பைக் கட்டி, பாறை மேல வண்டி உக்காந்தாலும் சறுக்கிட்டு முன்னாடி போற மாதிரி பண்ணியிருக்காங்க. அவங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. எங்களுக்குத் திங்கக்கிழமை காலைப் பாதை. பாறைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

போடியில எங்களுக்கு வழக்கமா வேலை பாக்குற வெல்டிங் பட்டறை பாய்கிட்ட போனோம். மருமகன் போன்ல படம் காட்டினான். பாய் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்துட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

"அண்ணே, இதை எதுல பிடிக்கணும்னு நினைக்கிறீங்க?"

மொத்த விஷயமும் இந்தக் கேள்வியிலதான் இருக்கு. பைப்பைப் பாடித் தகடுல பிடிச்சா பாக்க நல்லாத்தான் இருக்கும். பாறை மேல உக்காந்த உடனே பைப் தகடையும் பிச்சுக்கிட்டு உள்ள போகும். முன்னைவிட மோசமாப் போகும். சேஸ்ல பிடிச்சா மட்டும்தான் வண்டியோட பாரம் எலும்பு வழியாப் பாறைக்கு இறங்கும், பாடி தப்பிக்கும். டவுன்ல மாட்டிட்டு வர்ற நிறையப் படிகளைப் பாய் கழட்டிப் போட்டிருக்காராம். "குடை பிடிக்கிறவன் கெட்டியா இருந்தாப் போதுமா, நிக்கிற தரையும் கெட்டியா இருக்கணும்ல"ன்னார்.

பைப் விஷயத்துல ஒரு பேச்சு வந்துச்சு. பங்குக்காரர் ஒருத்தர், போர்லேர்ந்து உருவின பழைய ஜி.ஐ. பைப் சும்மா கிடக்குதே, அதையே போடுவோம்னார். பாய் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். ஜி.ஐ. பைப் மேல துத்தநாகப் பூச்சு இருக்கு. வெல்டிங் சூட்டுல அது புகையாக் கிளம்பும். அதை இழுத்தவனுக்கு அன்னிக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். அதனால பூச்சு இல்லாத கறுப்புப் பைப், அதுலயும் சி கிளாஸ். கடையில பைப்பைச் சுத்தி கலர் பட்டை அடிச்சிருப்பாங்க. மஞ்சள் ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. ஒண்ணரை இன்ச் சி கிளாஸுக்குச் சுவர் கனம் 4 எம்.எம். இருக்கும். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து 8 மீட்டர் பிடிச்சுது. பிளேட்டோட சேத்தா 42 கிலோ. ஒரு மூட்டை காப்பிக்குக் கொஞ்சம் கம்மி. ஒவ்வொரு நடைக்கும் அந்த எடையைச் சுமக்கணும்னு தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டோம்.

வேலை ரெண்டு நாள். முதல் நாள் பாதி, பழுது பாக்குறதுலயே போச்சு. பழைய வண்டி, சேஸ் துருப்பிடிச்சிருந்தா எதைக் கட்டியும் பிரயோசனமில்லை. பாய் நீளத்துக்கும் சுத்தியலால தட்டிக்கிட்டே போனார். கிண்கிண்னு கேட்டா நல்ல இரும்பு. சொத்துன்னு கேட்டா துரு. நம்ம தேங்காய் தட்டிப் பாக்குற மாதிரிதான். நல்லவேளை, சொத்துச் சத்தம் எங்கயும் வரலை. அப்புறம் பேட்டரி கம்பியைக் கழட்டுனார். டீசல் லைன், பிரேக் லைன் ஓடுற இடத்துலல்லாம் ஈரச்சாக்கைப் போட்டு மூடுனார். ஒரு வாளித் தண்ணி, ஒரு வாளி மணல் பக்கத்துல வச்ச பிறகுதான் ராடையே கையில எடுத்தார்.

பைப்போட காலை நேரா சேஸ்ல ஒட்டலை. முதல்ல ஆறு இன்ச் சதுரம், 6 எம்.எம். கனத்துல பிளேட். அதைச் சேஸோட பக்கத்துல வச்சு, அதுக்கு மேல கால். பாரம் ஒரு புள்ளியில இறங்காமப் பரவும். பிளேட்டை ஒட்டுறப்பவும் சேஸோட நீளவாக்குலதான் வெல்டிங் ஓடுச்சு. மேலேர்ந்து கீழ குறுக்க இழுத்தா, அந்தக் கோட்டுலயே சேஸ் வெடிச்சுரும்னார். பக்கத்துக்கு மூணு கால். கால்களை வெளிப்பக்கம் கொஞ்சம் மேல் நோக்கிச் சாய்ச்சார். சரிவுல வண்டி சாயிறப்ப அந்த ரெண்டு விரக்கடை உயரம் உதவும். பாடிக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு விரல் போற சந்தும் விட்டார். பாறையில உக்காந்து பைப் லேசாக் குலுங்கினாலும் தகடுல படக்கூடாதுல்ல.

பைப்போட ரெண்டு முனையையும் சரிவா வெட்டித் தகடு வச்சு அடைச்சார். திறந்த முனை பாறையைக் கொத்திப் பிடிச்சுக்கும். கடைசி முனையை அடைக்கிறப்ப வெல்டிங் பொத்துக்கிட்டே இருந்துச்சு. உள்ள இருக்கிற காத்து சூடாகி வெளிய தள்ளுது. அடியில சின்னதா ஒரு துளை போட்ட பிறகு நின்னுச்சு. மழைத் தண்ணி உள்ள தங்காம வடியிறதுக்கும் அதே துளைதான். மேல ரெண்டு கை ரெட் ஆக்சைடு. பளபளப்புப் பெயிண்ட் வேணாம்னுட்டோம். எப்படியும் பாறை சுரண்டப் போகுது.

சோதனை எளிசு. பைப்போட நடு மத்தியில ஜாக்கியை வச்சுத் தூக்குனார். ஒரு டன்னுக்கு மேல இருக்கிற வண்டி, அந்தப் பக்கம் டயர் ரெண்டும் தரையை விட்டு எழுந்துச்சு. பைப்புக்கு நேரா நூல் பிடிச்சுப் பாத்தோம், வளையலை. அப்படித் தூக்கி வச்ச நிலையிலேயே கதவைத் திறந்து மூடச் சொன்னார். திறந்துச்சு, மூடுச்சு. எனக்கு அதுதான் வேணும்.

மொத்தம் 11,400 ரூபாய். குடும்பத்துக்கு 2,850. அந்தப் பங்காளி வீட்டுப் பங்கையும் நாங்களே போட்டுக்கிறோம்னோம். அவர் சம்மதிக்கலை. மொத ஆளா எண்ணி வச்சதே அவர்தான்.

டவுன்ல ஜீப் வச்சிருக்கிற நண்பர்களுக்கு ரெண்டு வார்த்தை. நிறையப் புது எஸ்யூவிக்குத் தனியாச் சேஸே கிடையாது, பாடியும் சேஸும் ஒண்ணுதான். அதுல இந்த வேலை இப்படி நடக்காது. தார், பொலிரோ, கூர்க்கா மாதிரி சேஸ் தனியா இருக்கிற வண்டிக்குத்தான் இது சரி. இன்னொண்ணு, வண்டியில எதை மாத்தினாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கு. முன்னாடி மாட்டுற கம்பி பம்பரெல்லாம் கூடாதுன்னு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு சொல்லிருச்சு. நடந்து போறவங்களுக்கு ஆபத்துங்கிறதும் ஒரு காரணம். அதனால எங்க பைப் டயருக்கு வெளிய ஒரு நூல் கூட நீட்டக்கூடாதுன்னு நான் பிடிவாதமா நின்னேன். நீங்க செய்யிறதுக்கு முன்னாடி உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

தை மாசம் காப்பி இறக்குறப்ப அதே வளைவுல நாலு தடவை வண்டி பாறை மேல உக்காந்துச்சு. நாலு தடவையும் கரகரன்னு சத்தம் போட்டுட்டுச் சறுக்கி வந்துருச்சு. ரெட் ஆக்சைடு போயி, அடியில இரும்பு வெள்ளையா மின்னுது. தகடுல ஒரு கீறல் இல்லை.

பாறையை உடைச்சுட்டாப் போச்சேன்னு நீங்க கேக்கலாம். பாதை காப்புக்காட்டுக்குள்ள போகுது, நாங்களா ஒரு கல்லைக் கூட உடைக்க முடியாது. ஆனா 2006 வன உரிமைச் சட்டத்துல 3(2)-ன்னு ஒரு பிரிவு இருக்கு. ஒரு ஹெக்டேருக்குள்ள இடம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கணும். இதுக்குள்ள அடங்கினா ரோட்டுக்குக் காட்டு நிலம் கொடுக்கலாம். மாசி மாசம் நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கோம். முதல் கையெழுத்து அந்த மருமக போட்டது. இடுப்புல கைப்பிள்ளை, இன்னொரு கையில பேனா.

ரோடு வந்துட்டா அந்த 42 கிலோவை அறுத்து எடுத்துட்டு, பந்தலுக்குக் கால் நட்டுருவேன். அவரைக்கொடி ஏற நல்ல கெட்டிப் பைப்.