நல்லா ஞாபகம் இருக்குங்க!

பொய்ச்சாட்சி சொல்பவனைப் பற்றி எனக்கு அவ்வளவாகப் பயமில்லை. கெட்டிக்கார வக்கீல் நாலு கேள்வி கேட்டால் உளறிவிடுவான். என் பயமெல்லாம் யோக்கியமான சாட்சியைப் பற்றித்தான்.

மேன்ஷன் நண்பர் ஒருவர் லாரி விபத்து ஒன்றை நேரில் பார்த்தவர். அன்றைக்குச் சொன்னது: 'கொஞ்சம் வேகமா வந்த மாதிரி இருந்துச்சு.' ஒரு மாதம் கழித்து டீக்கடையில், 'பேய் வேகம் சார்!' ஐந்து வருஷம் கழித்து சம்மன் வந்தபோது, டிரைவர் பல்லைக் கடித்ததுகூட ஞாபகம் வந்துவிட்டது! மனிதர் பொய்யே பேசமாட்டார். திரும்பத் திரும்பச் சொன்னதில், சொன்னதெல்லாம் பார்த்ததாகிவிட்டது. அவ்வளவுதான்.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் இதைப் பரிசோதித்தே காட்டினார். கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டார். 50 பேரிடம் 'கார்கள் இடித்தபோது என்ன வேகம்?' என்றார். இன்னொரு 50 பேரிடம், 'நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டதற்கு, முதல் கோஷ்டியில் 7 பேர் ஆமாம் என்றார்கள். 'நொறுங்க' கோஷ்டியில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

ஒரு வாரத்துக்கே இந்தக் கதி. நாற்பது வருஷம் என்றால்?

ஜெருசலேம் கோர்ட்டில் அது நடந்தது. இரண்டாம் உலகப் போரில், ட்ரெப்ளிங்கா வதைமுகாமில் யூதர்களை விஷவாயு அறைக்கு அனுப்பிய 'கொடூர இவான்' என்று ஜான் டெம்யான்யுக் மேல் வழக்கு. முகாமிலிருந்து தப்பிய முதியவர்கள் கூண்டேறி, 'இவன்தான்!' என்று கைகாட்டினார்கள். 1988-ல் தூக்குத் தண்டனை. பிறகு சோவியத் ஆவணங்கள் வந்தன. அதே முகாமின் பழைய காவலர்கள் எப்போதோ சொல்லியிருந்த பெயர் வேறு: இவான் மார்ச்சென்கோ! 1993-ல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தது.

அந்த முதியவர்கள் பட்ட கொடுமை நூற்றுக்கு நூறு நிஜம். முகம் மட்டும்தான் சந்தேகம். டெம்யான்யுக்கும் ஒன்றும் உத்தமர் இல்லை. 2011-ல் மியூனிக் கோர்ட், சோபிபோர் என்ற வேறொரு முகாமில் காவலராக இருந்ததற்காக அவரைத் தண்டித்தது. அப்பீல் முடியுமுன் இறந்துபோனார். அந்த வழக்கில் முக்கியமாகப் பேசியவை பழைய அடையாள அட்டையும் காகிதங்களும்.

நான் பி.காம். வவுச்சர் இல்லாத என்ட்ரியை ஆடிட்டர் நம்பமாட்டார். ஞாபகத்துக்கு வவுச்சர், அன்றைக்கே எழுதிவைத்த குறிப்பு. அதைக் கூண்டில் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டமே இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் கொடுக்கிறது.

ஆகவே, எதையாவது பார்க்க நேர்ந்தால் அன்று ராத்திரியே தேதி போட்டு எழுதிவிடுங்கள். கூண்டில் ஏறியபின் ஞாபகம் வராததைக் கேட்டால், 'ஞாபகம் இல்லீங்க' என்று சொல்லுங்கள். வக்கீல் முறைப்பார். முறைக்கட்டுமே! எதிர்க்கூண்டில் நிற்பவனுக்குப் போவது ஆயுசு.