காசு அனுப்பாதே, தம்பி

கிளிநொச்சி
10 ஆவணி 2025

அன்புள்ள தம்பிக்கு,

வட்ஸ்அப் இருக்க அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. இந்த அறையில் குசுகுசுத்தாலும் அடுத்த அறையில் கேட்கும். அடுத்த அறையில் சின்னவன் படுத்திருக்கிறான். முன்வீட்டு அன்ரி ரொறொன்ரோவுக்குத் திரும்புகிறா, அவவிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை சின்னவனின் தூள் (ஹெரோயின்) பழக்கத்தைப் பற்றிக் கேட்டாய்: “இதுக்கு இன்சூரன்ஸ் ஏதும் பாரமெடுக்குமோ அக்கா? இல்லாட்டி எவ்வளவு முடியும் எண்டு சொல்லுங்கோ, அனுப்பிறன்.” நீ அழுத குரலில் கேட்டதால் அப்போது ஒன்றும் சொல்லாமல் விட்டேன். என் சம்பளத்தில் மாதாமாதம் அக்ரஹாரக் காப்புறுதிக்கு வெட்டுகிறார்கள். அது இதற்கு உதவுமா என்று விசாரிக்க வேண்டிய தேவையே வரவில்லை. பிரைவேட் காப்புறுதிக்காரர் போதைவஸ்தால் வந்த வருத்தத்தைப் பெரும்பாலும் சின்ன எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள். பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் இதுவரை எனக்கு முடிந்த காசு, கிளினிக் கொப்பி வாங்கிய காசு மட்டும்.

அப்படியென்றால் நீ முதல் அனுப்பிய மூன்று லட்சம் எங்கே போனது? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்புக்கு நரம்புத்தொகுதி படிப்பிக்கிறவள் நான். என் வீட்டுக்குள் நடந்தது எனக்கு விளங்கவில்லை. காலையில் சின்னவனுக்கு ஓயாமல் கொட்டாவி வரும். மூக்கால் கண்ணால் தண்ணி வடியும், மயிர்க்கூச்செறியும், முதுகெலும்பு உளைகிறது என்பான். தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தேன். தூள் உடம்பை விட்டு இறங்க எட்டுப் பத்து மணித்தியாலத்தில் தொடங்குகிற வருத்தம் அது. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சிக்குப் போய், ஒரு கிழமையில் தணியும். தணிய விடாமல்தான் பின்னேரம் “கூட்டாளியைப் பாத்திட்டு வாறன்” என்று சைக்கிளை எடுப்பான். சைக்கிளும் ஒருநாள் வரவில்லை.

தெரியவந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக நான் பயந்தேன். 2023 மார்கழி 17இல் பொலிசார் போதைவஸ்துக்கு எதிரான “யுக்திய” நடவடிக்கையைத் தொடங்கின பிறகு, பெயர் எங்காவது பதிந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றுதான் சந்தியில் எல்லாரும் கதைத்தார்கள். நீதிமன்றம் போனால் கந்தக்காடு புனர்வாழ்வு முகாம். அங்கே 2022 ஆனியில் குழப்பம் நடந்து, ஒரு பெடியன் செத்து, நூற்றுக்கணக்கானோர் வேலி பாய்ந்து ஓடின செய்தி நீயும் பார்த்திருப்பாய். 2009இல் ஆறு வயதில் முள்ளிவாய்க்காலிலிருந்து இழுத்து வந்து, செட்டிக்குளம் முகாமில் முட்கம்பிக்குள் வளர்த்த பிள்ளை. அவனைத் திரும்பவும் ஒரு கம்பிக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் வெளிமாவட்டத்தில் ஒரு “மறுவாழ்வு இல்லத்தில்” காசு கட்டிவிட்டோம். பெயர் வேண்டாம். மூன்று மாதம். டொக்டர் இல்லை, மருந்து இல்லை. பூட்டு, புத்திமதி, பிரார்த்தனை. வீட்டுக்கு வரும்போது கன்னம் வைத்திருந்தான். நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். பதினோராம் நாள் குளியலறைக் கதவை அத்தான் உடைத்தார். உதடு நீலம். மூச்சு எப்போதாவது ஒன்று. 1990க்கு அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. நலொக்ஸோன் ஊசி போட்ட பிறகுதான் கண் திறந்தான்.

பிறகு டொக்டர் சொன்னார்: மூன்று மாதம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. விட்டுவிட்டு வந்த பெடியன்கள் செத்துப்போவது பெரும்பாலும் அந்த முதல் சில கிழமைகளில்தான். பூட்டித் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்து, அவனை நாங்களே அந்த விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறோம், தம்பி. அதுவும் உன்னுடைய காசில். உன்னைக் குறை சொல்லவில்லை. கட்டினது நான்.

அதன் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே பொலிஸ் இல்லை. அந்த டொக்டர் முதலில் அவனை “சாப்பிட்டியோ” என்று கேட்டார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வயிற்றோட்டம், உளைவு, நித்திரையின்மைக்குக் குளிசைகள் தந்து பத்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அதன் பிறகு நல்ட்ரெக்ஸோன். தூள் போய் ஒட்டுகிற இடத்தில் அது முதலே போய் இருந்துகொள்ளும், எடுத்தாலும் ஏறாது. உடம்பில் தூள் இருக்கும்போதே கொடுத்தால் படு வேதனையாகிவிடும், அதனால்தான் அந்தக் காத்திருப்பு. ஈரலுக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். ஆனால் ஆசையை அது முழுக்க அறுக்காது. விழுங்காமல் விட்டால் ஒன்றும் இல்லை. காலையில் என் கையால் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பெடியனின் வாயை. அவனுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம்.

உன் மூத்தவள் பார்மசியில் வேலை செய்வதால் என்னிடம் விபரமாய்ச் சொன்னாள். ஸ்காபரோவில் பெடியன்கள் காலையில் வந்து மெதடோனைப் பழரசத்தில் கலந்து அவள் முன்னாலேயே குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்களாம். டொக்டர் செலவை ஓஹிப் என்ற அரசாங்கக் காப்புறுதி பார்க்கிறதாம், மருந்துக்கும் பலருக்கு அரசாங்கமே கட்டுகிறதாம். நியூயோர்க்கில் 1965இலேயே இந்த வைத்தியம் பலன் தரும் என்று காட்டிவிட்டார்கள். மெதடோனையும் அதே வகை மருந்தான புப்ரெநோர்பினையும் 2005இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் 1990களின் நடுவில் சாதாரணக் குடும்ப வைத்தியரே புப்ரெநோர்பின் எழுதலாம் என்றானபிறகு, அளவு மிஞ்சிச் சாகிறவர்கள் நாலைந்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டார்கள். இந்தியாவில் அரசாங்க நிலையங்களில் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இங்கே எங்களுக்கு அது எழுதிக் கிடைக்கவில்லை. அங்கே மருந்து இருக்கிறது, யார் கட்டுவது என்று கேட்கிறீர்கள். இங்கே யாரும் கட்டத் தேவையில்லை, ஆனால் மருந்து பாதிதான் இருக்கிறது.

இந்த மருந்துகளைப் பற்றிச் சொன்னபோது, “ஒரு போதைக்கு இன்னொரு போதையோ?” என்று பெரியக்கா கேட்டா. அத்தான் வழமைபோல ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு முழங்காலைத் தட்டிக்காட்டி, “இதுக்குள்ளையும் ஒரு ஷெல் துண்டு கிடக்குது. எடுத்தால் கால் போயிடும் எண்டுதானே டொக்டர்மார் விட்டவை. நான் வயலுக்குப் போறன்தானே?” என்றார். பெரியக்கா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டா.

சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போ என்கிறாய். அங்கே சாந்தி ரங்கநாதன் அம்மா 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நல்லது என்று எனக்கும் தெரியும். தமிழில் கதைக்கலாம், டொக்டர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மாதத்தால் அவன் திரும்பி வரப்போவது இதே கரடிப்போக்குச் சந்திக்குத்தான். வருஷக்கணக்கில் போய்வரக்கூடிய இடமாக இருக்கவேண்டும். வெளிநாட்டுக்கு எடு, கலியாணம் கட்டிவை என்ற கதைகளை இனி எடுக்காதே. இன்னொருவர் பெற்ற பிள்ளையை மருந்தாக்க நான் சம்மதியேன்.

உண்மையான செலவு என்ன என்று கேட்டாயென்றால்: கிளினிக் நாளில் என் லீவு, இரண்டு பேருக்குப் பஸ் காசு, ஆஸ்பத்திரியில் இல்லாத மாதத்தில் அந்தக் குளிசையைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிற காசு. அந்தக் குளிசைக் காசை மட்டும் நீ தா. என் கணக்குக்குப் போடு. அவன் போனுக்கு ஒரு சதமும் போடாதே, “மாமா, அவசரம்” என்று அழுதாலும் போடாதே.

ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கு எடு. “விட்டிட்டியோ” என்று கேட்காதே. குளத்தில் தண்ணி எவ்வளவு, சிறுபோகம் எப்படி என்று கேள். நீ இரணைமடுவில் மீன் பிடித்து அப்பாவிடம் அடி வாங்கிய கதையைச் சொல். அவன் இன்னும் சிரிக்கிற கதை அது ஒன்றுதான்.

நாளையோடு குளிசை தொடங்கி 41 நாள். இடையில் ஒருதரம் பிசகினான். ஒளிக்காமல் வந்து சொன்னான். டொக்டர் ஏசவில்லை, மறுபடி நாள் எண்ணத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை கிளினிக், ஏழு மணிப் பஸ்ஸில் போவோம்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: விசுவமடுவில் உன் கூட்டாளியின் தம்பிக்கும் இதே கரைச்சல் என்றாய். அவையளும் எங்கேயாவது காசு கட்டமுன் 1926க்கு அடிக்கச் சொல். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் கதைப்பார்கள். இன்றைக்கே சொல்லு.