பிறிதோர் இடத்திற் படி

நூலகத்தின் மூலையில், வாசிப்புப் பொறியின் முன் அமர்ந்து நுண்படச் சுருளைத் திருப்பும் ஆராய்ச்சி மாணவனுக்கு அது இன்பமான வேலையன்று. கண் கூசும், கழுத்து நோகும், பழந்தாளின் மணமும் அங்கில்லை. 35 மில்லிமீற்றர் அகலப் படலத்தில் பத்திரிகையின் முழுப் பக்கமும் சுருங்கிக் கிடக்கும். மூலம் இருக்க இந்நிழல் எதற்கு என அவன் வினவுதல் இயல்பே.

விடையின் ஒரு பகுதி 1870இல் முற்றுகையிடப்பட்ட பாரிஸ் நகரிற் கிடைக்கின்றது. றெனே டக்ரோன் என்னும் ஒளிப்படக் கலைஞர் கடிதங்களை மெல்லிய படலங்களிற் சிறிதாக்கினார். புறாக்களின் வாலிறகிற் கட்டப்பட்டு அவை நகரை அடைந்தன. திரையிற் பெருப்பித்த செய்திகளை எழுத்தர் படியெடுத்து உரியோரிடம் சேர்ப்பித்தனர். பனியிலும் குளிரிலும் பல புறாக்கள் வந்து சேரவில்லை. ஆதலின் ஒரே செய்தி மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டது. நுண்படத்தின் சிறப்பு அதன் சிறுமையன்று; அச்சிறுமையால் எளிதாகும் பன்மையே எனலாம்.

தமிழ்நாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தமிழ் அச்சுநூல்களை வாழ்நாளெல்லாம் திரட்டியவர். அவர் 1992இல் மறைந்தார். 1994இல் அத்தொகுதியை வாங்கிய சிக்காகோப் பல்கலைக்கழகம், அது சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமைய வழிசெய்தது. அங்கு நூல்கள் நுண்படமாக்கப்பட்டன. மூலம் சென்னையில் இருக்க, அதன் படி கடல் கடக்கவும் இயன்றது.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடம் பின்னர் மீண்டெழுந்தது. வேறிடத்திற் படியுள்ள அச்சுநூலையும் மீளப் பெறலாம். படியெடுக்கப்படாத ஓலைச்சுவடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அது எரிந்தபோது அதன் சொற்களும் எரிந்தன.

பொலியெஸ்ரர் படலத்திற் பதிந்த வெள்ளி நுண்படம், குளிர்ந்த உலர்ந்த அறையிற் பேணப்படின் 500 ஆண்டுகள் நிலைக்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. கணினிக் கோப்பைத் திறக்க அதற்குரிய பொறியும் நிரலும் வேண்டும். நுண்படத்தை வாசிக்க ஒளியும் வில்லையும் போதும். ஆயினும் சுருளும் மூலமும் ஒரே கூரையின் கீழிருப்பின் ஒரே தீ இரண்டையும் உண்டுவிடும்.

முன்னோரின் ஏட்டைப் பெட்டியிற் பூட்டி வைத்திருப்போர், படியெடுக்க வருபவரிடம் அதனைக் கொடுக்கத் தயங்குவர். அத்தயக்கம் அன்பினால் எழுவது, குறைகூறத் தக்கதன்று. எனினும் பூட்டிய பெட்டி தீயைத் தடுப்பதில்லை. ஏடு கைமாறாமல் இருக்கலாம். அதன் படி ஒன்றேனும் ஊர் தாண்டியிருத்தல் வேண்டும்.