மேசை அளவு இடம் போதும்

இரத்மலானையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு சின்ன அனெக்ஸ். ஹோலில் செற்றியும் சாப்பாட்டு மேசையும் போட்டால் மிச்சம் நடக்கிற வழிதான். 60க்கு 90 அங்குலத் துண்டுத்துணிப் போர்வையை விரித்து மேல், நடு, அடி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தற்காலிகமாக நூலோட நிலம் ஏது? இதனாலேயே எத்தனையோ வீடுகளில் கட்பீஸ் மூட்டை அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. நல்ல பருத்தித் துண்டுகள் அப்படிக் கிடப்பது எனக்குப் பொறுக்காது.

*

தட்டையாக இருக்க வேண்டியது ஊசி ஓடுகிற இடம் மட்டுமே. மற்றதெல்லாம் தொங்கட்டும்.

மேசையின் நட்டநடுவில் ஒரு ஈர்க்குத் துண்டை ரேப் போட்டு ஒட்டுங்கள். அடித்துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டு, அதை ஈர்க்கில் வைத்து, நல்ல பக்கம் கீழே இருக்க விரியுங்கள். மேசை விளிம்பில் கறுப்புக் காகிதக் கிளிப்புகள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். விறைக்க இழுத்த துணி கிளிப்பைக் கழற்றியதும் பின்வாங்கிச் சுருக்கு விழுத்தும். அடுத்த இரண்டு அடுக்கின் நடுவும் அதே ஈர்க்கின் மேல். மூன்று துணிக்கு மேலாலும் அது விரலில் தட்டுப்படும்.

நடுவிலிருந்து வெளியே நூலோட வேண்டும். தையல் 2 அங்குலம், வரிசைக்கு வரிசை ஒரு கை அகலம். வெள்ளை நூலே நல்லது, கடும் நிற நூல் சாயம் விடும். இடக்கையில் தேத்தண்ணிக் கரண்டி: ஊசி முனை வெளியே வரும் இடத்தில் அதன் விளிம்பை அழுத்தினால் முனை கரண்டியில் ஏறி மேலே வரும். விரல் நுனி தப்பும், மேசையும் தப்பும். அந்தப் பகுதி முடிந்ததும் கிளிப்பைக் கழற்றி, போர்வையை நகர்த்தி, அடித்துணியை மறுபடி நீவிவிட்டுக் கிளிப் போடுங்கள்.

*

வங்காளத்துக் காந்தா வேலையில் பழைய சேலை, வேட்டிகளை நிலத்தில் அடுக்கி, ஓரங்களில் பாரம் வைத்து நூலோடுவார்கள். அதற்கு முற்றம் வேண்டும். வட கர்நாடகத்தின் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி எனக்கு இன்னும் நெருக்கம். பழைய சேலையை அடியாக வைத்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் ஓரமாகத் துண்டுகளைப் பதித்து நடுவை நோக்கி வருவார்கள். துண்டு பதிக்கிற தையலே அடுக்குகளையும் சேர்த்துவிடும். முன்கூட்டி நூலோடும் வேலையே இல்லை. மூலைகளில் மடித்த துணியால் ‘ஃபூலா’ என்னும் பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு நிறைவானதல்ல. மேசையும் இல்லாத வீட்டில் நான் இதைத்தான் சொல்வேன்.

*

நடு அடுக்குக்குக் கொழும்பு வெக்கையில் பொலியெஸ்ரர் பஞ்சு வேண்டாம். தோய்த்துத் தோய்த்து மெலிந்த பருத்திப் பெட்சீற் போதும். வழுக்காது, மேசையில் தொங்கும் பாரமும் குறைவு.

*

ஒட்டும் ஸ்பிரே வேலையைச் சுருக்கும், உண்மைதான். ஒரே ஒரு யன்னல் உள்ள அறையில், பிள்ளைகள் படுக்கிற இடத்தில், அந்தப் புகாரை அடிக்க எனக்கு மனமில்லை. மேசையில் நூலோடி முடிந்ததும், கடைசியாக, மிஞ்சிய அடித்துணியை விளிம்புக்கு மேலால் மடித்து ஒரு சுற்று நூலோடி விடுங்கள். மடியில் வைத்துத் தைக்கிற மாதக்கணக்கில் ஓரம் பிரியாது.