முதுமையில் துணை தேடுவோர் எழுதும் குறிப்பு

மணமகன் தேவை, மணமகள் தேவை என்னும் விளம்பரங்கள் இளையோருக்கே உரியவை என்று நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் இனிப் பொருந்தாது. பிள்ளைகள் பணியின் பொருட்டுக் கடல் கடந்து சென்றுவிட, அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமக்கு மட்டுமே உலை வைக்கும் முதியோர் நம் பெங்களூர்த் தமிழரிடையே உளர். அவருள் சிலர் இன்று இணையத் திருமணத் தளங்களில் பதிவு செய்துகொள்ள முன்வருகின்றனர். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஐதராபாத்தில் இராஜேஸ்வரி என்னும் அம்மையார் முதியோர்க்குத் துணை தேடித் தரவென்றே 2010ஆம் ஆண்டில் ஓர் அமைப்பைத் தொடங்கி, ‘தோடு நீடா’ என்று பெயரிட்டார். துணையும் நிழலும் என்பது அத்தெலுங்குச் சொற்களின் பொருள். அகமதாபாத்தில் நட்டுபாய் பட்டேல் என்பவரும் இத்தகைய தொண்டில் ஈடுபட்டுப் பல சந்திப்புக் கூட்டங்கள் நடத்தியுள்ளார்.

இரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிக்கும் நம்மிடம், எழுதத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால், இக்குறிப்புகளை எழுதித் தருமாறு கேட்போர் உண்டு. சென்ற ஆண்டு வந்தவர் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர். (2022 முதல் அப்பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். நமக்குப் பழைய பெயரே வாயில் வருகிறது.) வயது 64. மனைவியார் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. அவர் தாமே எழுதிக் கொணர்ந்த தாளில் சாதி, நட்சத்திரம், ஓய்வூதியத் தொகை, சொந்த வீட்டின் மதிப்பு ஆகியவை வரிசையாக இருந்தன. கடைசியில், “அடக்கமும் சமையலில் தேர்ச்சியும் உள்ள, நோயற்ற பெண்மணி தேவை” என்று கண்டிருந்தது.

“ஐயா, இதனைப் படிக்கும் அம்மையார், தம்மை மணம் பேசுகிறார்கள் என்று கொள்வாரா, வேலைக்கு அழைக்கிறார்கள் என்று கொள்வாரா?” என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சமையலுக்கு ஆள் வேண்டுமென்றால் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்வேன், தம்பி. இரவு எட்டு மணிக்குமேல் பேச ஆளில்லை” என்றார்.

அதனையே முதல் வரியாக எழுதினோம்.

முதியவர் ஒருவர் தம்மைப் பற்றி எழுதுங்கால், பட்டமும் பதவியும் கூறி மதிப்பைத் தேட வேண்டியதில்லை. அவருடைய ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதே படிப்பவர்க்கு வேண்டுவது. ஜோலார்பேட்டை வழியில் வண்டியோடு சென்ற பழக்கத்தால் நம் பெரியவர் இன்றும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துவிடுகிறார். கன்னடமும் தெலுங்கும் தடையின்றிப் பேசுவார். மாலையில் அல்சூர் ஏரிப்பக்கம் நடந்து திருவள்ளுவர் சிலையருகே அமர்வார். (பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட சிலையன்றோ அது!) இவற்றோடு, சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்வதையும் எழுதச் செய்தோம். தமக்குள்ள நோயைப் பிறரிடம் இருத்தலாகாது என்று விதிப்பது நியாயமா? படத்தையும் மாற்றினோம். அவர் காட்டியது மகள் திருமணத்தில் மைபூசிய தலையோடு எடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. நேரில் காணும்போது முதல் ஏமாற்றம் அதிலிருந்தே தொடங்கும்.

வீட்டின் மதிப்பையும் ஓய்வூதியத் தொகையையும் நீக்கிவிட்டோம். அவற்றைக் கண்டு முதலில் வருவோர் பெரும்பாலும் வஞ்சகர். அயல்நாட்டு மருத்துவர் என்பார். பரிசுப் பெட்டி சுங்கத்தில் சிக்கியது என்பார். பணம் அனுப்பச் சொல்வார். எவரேனும் அவ்வாறு ஏமாற நேரின், காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

ஆயினும் பணத்தைப் பற்றிப் பேசாதிருக்கவும் இயலாது. நேரில் பேசுங்கால் ஆண்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதுவே. மனைவியை இழந்த அரசு ஓய்வூதியர் மறுமணம் செய்துகொண்டால் அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு காசும் குறையாது. ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டென்று 1989ஆம் ஆண்டு பகவந்தி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அம்மையாரின் நிலை வேறு. மத்திய அரசு ஊழியராயிருந்த கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் மறுமணம் செய்தால், அத்தொகை அவருக்கு அன்றோடு நின்றுவிடும். பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்கு மட்டும், வேறு வருமானம் வரம்பிற்குள் இருப்பின், விலக்கு அளித்துள்ளனர். ஆகவே அவர் தம் சொந்தச் சோற்றை விட்டுவிட்டு, இன்னொருவர் கையை எதிர்நோக்க வேண்டியவராகிறார். சிலர் மணத்தைப் பதிவு செய்யாமலே கூடி வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளின் அச்சமும் பொருளைப் பற்றியதே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளோடு ஒத்த பங்கு உண்டு. உயிலை முன்பே எழுதி, இன்னது பிள்ளைகளுக்கு, இன்னது வருபவருக்கு என்று தெளிவாக்கிவிட்டால் பாதிச் சச்சரவு எழாது. நம் பெரியவர் அவ்வாறே எழுதி, துபாயிலுள்ள மகளுக்கு நகல் அனுப்பினார். அவள் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு, “படம் நன்றாக இருக்கிறது அப்பா” என்று மட்டும் எழுதினாள்.

குறிப்பு வெளியான பின் வந்தவற்றுள் ஒன்று கோலார் தங்கவயலிலிருந்து. அஞ்சல் துறையில் பணியாற்றியவரின் மனைவி, ஒரு மகன் உண்டு, வயது 59. எட்டு மணிக்குமேல் தமக்கும் பேச ஆளில்லை என்று எழுதியிருந்தார். இப்போது நாள்தோறும் பேசிக்கொள்கின்றனர். ஓய்வூதியம் நிற்பதற்கு ஈடாகத் தம் பெயரில் மாதந்தோறும் எவ்வளவு செலுத்துவார் என்று அம்மையார் நேராகவே கேட்டுவிட்டாராம். பெரியவர் ஒரு தொகை கூறி, நிரந்தர வைப்பு ஒன்றும் போடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்காகிதம் இப்போது அம்மையாரின் தம்பியிடம் இருக்கிறது. அவர் கணக்குப் பார்த்து வருகிறார்.